ராக்காயி எட்டிப் பார்த்த பாலம்

ஈப்போ,
4 மார்ச் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

மாசக்கணக்கில் கடிதமே காணோம், டவுனுக்குப் போனதும் தங்கச்சிக்குக் கொம்பு முளைத்துவிட்டது என்று மச்சானிடம் குறை சொல்லிக்கொண்டிருப்பாய். சொல்லிக்கொள். காரணத்தைக் கேட்டால் நீயே மன்னித்துவிடுவாய். எனக்கு ஒரு பாலம் கிடைத்திருக்கிறது.

சிரிக்காதே. கட்டடக்கலை படித்துவிட்டு இந்த அலுவலகத்தில் சேர்ந்த நாள் முதல் முதலாளி லியோங் என்னிடம் தந்ததெல்லாம் கடைவீட்டுப் பின்கட்டு, மாடிப்படி, கழிவறை. நான் வரைந்த கழிவறைகளில் பாதி ஈப்போ உட்கார்ந்திருக்கும். இப்போது கிந்தா ஆற்றின் மேல் ஒரு நடைபாலம். அந்தக் கரையில் ஒரு பூங்கா, இந்தக் கரையில் ஒரு பூங்கா. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் பிள்ளை குட்டிகளை இழுத்துக்கொண்டு பெரிய ரோட்டைச் சுற்ற வேண்டும். இனி நேராக நடக்கலாம். கார் கிடையாது, மோட்டார் சைக்கிள் கிடையாது, மனுசர்கள் மட்டும்.

நேராக என்று எழுதிவிட்டேன். அதில்தான் விசேஷமே. இந்தக் கரையில் ஆற்றைப் பார்த்துச் சாய்ந்தபடி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. எனக்கு முன்னால் வரைந்தவர்கள் எல்லாரும் அதை வெட்டிவிட்டுத்தான் பாலத்தைத் தொடங்கினார்கள். நான் பாலத்தை வளைத்துவிட்டேன். மரத்தின் கிட்டே வந்ததும் பாதை இரண்டாகப் பிரிந்து, மரத்தைக் கட்டிப்பிடித்து, மறுபடி ஒன்றாகி, ஒரே வளைவில் அந்தக் கரைக்குப் போய்விடும். தண்ணீரில் ஒரு தூண்கூட இல்லை. லியோங் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “யாருக்குப் பைத்தியம், உனக்கா எனக்கா?” என்று கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஒரே ஒரு தகராறு. இரண்டு பக்கமும் மெல்லிய இரும்புக் கம்பிகளை நிறுத்திக் கைப்பிடி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கம்பிக்கு நடுவே தலையை விட்டு விழுந்துவிடும், நெஞ்சு உயரத்துக்குச் சிமெண்டுச் சுவர் எழுப்பு என்கிறார்கள் அதிகாரிகள். சுவர் வைத்தால் பாலம் மாட்டுத் தொட்டியாகிவிடும். அதோடு, சின்னப் பிள்ளைகளுக்கு ஆறே தெரியாது. நான் குட்டியாக இருந்தபோது நம் தோட்டத்துப் பக்கம் இருந்த சிமெண்டுப் பாலத்தில் நின்று ஒன்றும் தெரியவில்லை என்று அழுவேனே, நீ இடுப்பு வலிக்க வலிக்க என்னைத் தூக்கிக் காட்டுவாயே. இந்தப் பாலத்தில் எந்த அக்காவுக்கும் இடுப்பு வலிக்கக் கூடாது.

அதனால் ஒரு உதவி செய். என் புத்தகத்தில் இருப்பது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் தலை அளவு. நம் பிள்ளைகளின் அளவு எனக்கு வேண்டும். வேலைக்குப் போகிற தாய்மார் உன் ஆயாக் கொட்டகையில் விட்டுப் போகிறார்களே, அதில் நடக்கிற வயசுப் பிள்ளைகளின் தலையைத் தையல் டேப்பால் அளந்து எழுதி அனுப்பு. அவ்வளவுதான், பத்து நிமிஷ வேலை.

அன்புடன்,
ஹில்டா


சேசு மரி சூசை

மூங்கில்காட்டுத் தோட்டம்,
பத்து காஜா,
குருத்து ஞாயிறு, 19 மார்ச் 1978

தங்கச்சி ஹில்டாவுக்கு அக்கா இருதயமேரி எழுதுவது.

நலமா என்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை. இங்கே நலம் இல்லை, அதுவும் உன்னால்.

உன் கடிதத்தை மச்சானுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். மரத்தைப் பாலம் கட்டிப்பிடிக்கிறது என்ற இடத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. மறுநாளே பிள்ளைகளுக்குப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு, வரிசையாக நிற்க வைத்து அளக்க ஆரம்பித்தேன். அதுகளுக்கு அது ஒரு விளையாட்டு. ராக்காயி மகள் பாப்பா மூன்று தரம் வரிசையில் வந்து நின்றாள்.

அந்த நேரம் பார்த்து ரப்பர் பால்வெட்டை முடித்துவிட்டு மங்களம் உள்ளே வந்தாள். “என்னாக்கா, தலையெல்லாம் அளக்குறீங்க? தொப்பி தைக்கப் போறீங்களா?” என்றாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என் வாய் சும்மா இருந்ததா? “இல்ல மங்களம், ஈப்போவுல எந்தங்கச்சி ஒரு பெரிய பாலம் கட்டுறா. அதுக்குத்தான் நம்ம புள்ளைங்க தலை வேணுமாம்” என்றேன்.

அளவு என்ற வார்த்தை எங்கே போய்த் தொலைந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை, ஹில்டா.

 மங்களம் தூளியில் கிடந்த மகனை அள்ளிக்கொண்டு ஓடினாள், சிலிப்பரை விட்டுவிட்டு. பாலம் நிற்க வேண்டுமானால் அடியில் மனுசத் தலை புதைக்க வேண்டும், அதுவும் பிள்ளைத் தலை விசேஷம் என்று இங்கே பேசுவது உனக்குத் தெரியாதா? எங்காவது பாலம் கட்டுகிறார்கள் என்றாலே பிள்ளைகளை வாசலுக்கு விடமாட்டார்களே. சாயங்காலத்துக்குள் லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிட்டது. ராக்காயி வந்து நின்ற கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கையில் வெட்டுக்கத்தி. “தலைவெட்டி வாரான் வாரான்னு போன மாசமே சொன்னாங்க. யாரோ எவனோன்னு இருந்தேன்லா. அளவெடுத்துக் குடுக்குறது நீயாக்கா?” என்று கேட்டாள். பாப்பா பிறந்த நாற்பதாம் நாளிலிருந்து என் மடியில் வளர்ந்தவள். அவள் அம்மா என்னிடம் அப்படிக் கேட்டாள்.

இன்றைக்குக் கோயிலில் குருத்தோலை பிடித்துக்கொண்டு நின்றபோது என் பக்கத்தில் பிள்ளை வைத்திருந்த ஒருத்தியும் நிற்கவில்லை.

அளந்த வரைக்கும் பின்னால் எழுதியிருக்கிறேன். வருகிற ஞாயிறு பாஸ்காத் திருநாளுக்கு வா. வந்து நீயே இவர்களிடம் சொல்லு.

உன் அக்கா,
இருதயமேரி


ஈப்போ,
28 மார்ச் 1978

அன்புள்ள அக்கா,

பாஸ்காவுக்கு வர முடியவில்லை, கோபிக்காதே. படங்கள் இந்த மாசக் கடைசிக்குள் போக வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். லியோங் எட்டிப் பார்த்தார். பிறகு எரிச்சலாகவும் இருந்தது. மனுசன் நிலாவுக்குப் போய் வந்துவிட்டான். இவர்கள் இன்னும் தலைவெட்டிக்குப் பயந்துகொண்டிருக்கிறார்கள். படிக்காத ஜனங்களிடம் பெருமை பேசப் போனது உன் தப்பு. நான் மெனக்கெட்டு வந்து, “அம்மா தாயே, உங்கள் பிள்ளைகளின் தலை எனக்கு வேண்டாம்” என்று கும்பிட்டு நிற்க வேண்டுமா? அதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

வாயால் சொன்னால் விளங்காது, கண்ணால் பார்த்தால் விளங்கும். அதனால் ஒரு படம் வைத்திருக்கிறேன். இரண்டு கம்பி, நடுவில் ஒரு பிள்ளையின் தலை, இந்த அளவுக்கு மேல் உள்ளே போகாது என்று அம்புக்குறி. சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் அளவும் போட்டிருக்கிறேன். கொட்டகைத் தூணில் ஒட்டி வை. பார்த்தவுடன் எல்லாரும் சமாதானமாகிவிடுவார்கள்.

ஹில்டா


சேசு மரி சூசை

மூங்கில்காட்டுத் தோட்டம்,
12 ஏப்ரல் 1978

ஹில்டாவுக்கு,

ஒட்டினேன். நீ சொன்னபடியே தூணில் ஒட்டினேன். நீ படித்தவள் ஆயிற்றே, உனக்குத் தெரியாதா என்று ஒட்டினேன்.

கழுத்துக்குக் கீழே உடம்பையும் கொஞ்சம் வரைந்திருக்கக் கூடாதா? தலை மட்டும் கம்பிக்கு நடுவே தொங்குகிறது. சுற்றிலும் அம்பு. பக்கத்தில் சிவப்பு மை. மிச்சம் மீதி பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டவர்களும் அதைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனார்கள். ராக்காயி படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். நான் தடுக்கவில்லை. எனக்கே அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

உன் எரிச்சலை நீ எழுதிவிட்டாய். என்னுடையதையும் கேள். கொட்டகையில் தூளிகள் சும்மா தொங்குகின்றன. தாய்மார் பிள்ளைகளைப் பால்காட்டுக்கே கொண்டுபோகிறார்கள். கொசுவுக்கும் பூரானுக்கும் நடுவில் ரப்பர் மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார வைத்துவிட்டு வெட்டுகிறார்கள். பாப்பாவுக்குக் கால் முழுக்கக் கடி, சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது. நான் மருந்து கொண்டுபோனேன். ராக்காயி வாங்கவில்லை. வேலையாட்களை மேற்பார்க்கிற மண்டோர் சன்னாசி நல்ல மனுசர், வந்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்: “புள்ளைங்களே இல்லாத கொட்டாய்க்கு ஆயா எதுக்குன்னு தொரை கேக்குறாரு மேரி. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா கொட்டாயைப் பூட்டிட்டு உன்னைப் புல்லு வெட்டப் போகச் சொல்லுவாரு. சூசாதான், கஷ்டந்தான்.” புல் வெட்ட எனக்கு வெட்கமில்லை. ஆனால் எனக்கென்று பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். அந்தக் கொட்டகையை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? இதை என் கையால் எழுத வைத்துவிட்டாய்.

இன்னொன்றும் சொல்கிறேன். சிமெண்டுப் பாலத்தில் நான் உன்னைத் தூக்கிக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்தது ஞாபகம் இல்லை, நீ ரொம்பச் சின்னவள். அந்தப் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது நம் அம்மா உன்னைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடி, குறுக்கே உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகாமல் பேரை வெட்டிக்கொண்டாள், அந்த நாள் கூலியும் போயிற்று. பாலம் முடிந்த பிறகும் நீ அதில் கால் வைக்கமாட்டேன் என்று கத்தினாய். அதனால்தான் தூக்கினேன். ஆற்றைக் காட்ட இல்லை, கீழே தலை ஒன்றும் இல்லை என்று காட்டத் தூக்கினேன். நீ எட்டிப் பார்த்துவிட்டு அப்புறம்தான் சிரித்தாய்.

அம்மாவும் படிக்காத ஜனம்தான். அவளை நினைத்தாலும் உனக்கு உடம்பு கூசுகிறதா?

இருதயமேரி


ஈப்போ,
10 மே 1978

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத நாலு தரம் உட்கார்ந்தேன். நாலு தரமும் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். முதலில் கோபம் வந்தது. பிறகு கட்டிலுக்கு அடியில் சாக்கு வாசனை வந்தது, உண்மையாகவே வந்தது. அதற்குப் பிறகு அழுதேன். அம்மாவைப் பற்றி நீ அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். கேட்டதும் சரிதான். என்னை மன்னித்துவிடு.

இங்கேயும் நிலைமை சரியில்லை. அதிகாரிகள் லியோங்கை நெருக்குகிறார்கள். கம்பி பத்திரம் என்று ஜூன் பிறப்பதற்குள் காட்டு, இல்லாவிட்டால் சுவர்தான் என்று அவர் சொல்லிவிட்டார். சுவரையே வரைந்து கொடுத்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். நெஞ்சு உயரத்துக்கு ஒரு கோடு போட்டதும் அதற்குப் பின்னால் ஒரு குட்டிப்பெண் நின்று அழுவது மாதிரி இருந்தது. கோட்டை அழித்துவிட்டேன்.

வருகிற 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். காகிதம் கொண்டுவரமாட்டேன், பயப்படாதே. ஜெலாப்பாங்கில் ஒரு பட்டறையில் சொல்லி, என் பாலத்துக் கைப்பிடியில் ஒரு துண்டை நிஜக் கம்பியிலேயே செய்யச் சொல்லியிருக்கிறேன். அதை லோரியில் ஏற்றி வந்து உன் கொட்டகை வாசலில் நிறுத்துகிறேன். யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கட்டும், ஆட்டிப் பார்க்கட்டும், என்னைத் திட்டட்டும். கும்பிட்டு நிற்கவும் தயார்.

லோரிக்காரருக்கும் சேர்த்துச் சோறு ஆக்கி வை. மீன் சம்பல் இருந்தால் நல்லது.

உன் தங்கச்சி,
ஹில்டா


சேசு மரி சூசை

மூங்கில்காட்டுத் தோட்டம்,
25 மே 1978

அன்புத் தங்கச்சி ஹில்டாவுக்கு,

ஈப்போவுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். உன் இரும்புச் சட்டம் இன்னும் கொட்டகை வாசலில்தான் நிற்கிறது. மங்களம் அதில் துணி காயப் போடுகிறாள்.

மச்சானுக்கு அன்றைக்கு ரப்பர் ஆலையில் வேலை. நடந்ததை ஒன்று விடாமல் நடித்துக் காட்டு என்று தினமும் கேட்கிறார். நானும் நடிக்கிறேன். லயமே கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நிற்கிறது. நீ ஆம்பளை மாதிரி சிலுவார் போட்டுக்கொண்டு சட்டத்துக்குப் பக்கத்தில் முழிக்கிறாய். “இந்தக் கம்பிக்குள்ள எந்தப் புள்ள தலையும் போகாது. போகக் கூடாதுன்னுதான் அளவு கேட்டேன். என் தலையில அடிச்சுச் சொல்றேன்” என்கிறாய். யாரும் அசையவில்லை. அந்த நேரம் பாப்பா அம்மா கையை உதறிவிட்டு என்னைப் பார்த்து ஓடி வந்தாள். நடுவில் சட்டம். சுற்றி வர அவளுக்குப் பொறுமை ஏது? முதலில் காலை விட்டாள், இடுப்பை விட்டாள், தலை முட்டியது. கையால் கம்பியைப் பிடித்து ஒரு தள்ளு. உன் மெல்லிய கம்பி வளைந்து கொடுத்தது, பாப்பா இந்தப் பக்கம் வந்து என் காலைக் கட்டிக்கொண்டு பிஸ்கட் கேட்டாள்.

உன் முகம் அப்போது வெளுத்ததே, அதை மட்டும் என்னால் நடிக்க முடியவில்லை. மச்சான் அந்த இடத்தில் சிரிப்பார். நான் சிரிக்கமாட்டேன். கீழே ஆறு இருந்திருந்தால் என்ற நினைப்பு உனக்கு வந்த அதே நேரம்தான் எனக்கும் வந்தது.

ஆனால் நீ ஓடி ஒளியவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்து, “நான் போட்ட கணக்கு தப்பு. புள்ளைங்க தள்ளும்னு நான் நினைக்கல” என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாய். அதற்குப் பிறகுதான் அவர்கள் கிட்டே வந்தார்கள். கம்பியைத் தடிமனாக்கு என்று ஒருத்தி, நெருக்கி வை என்று ஒருத்தி. லோரிக்காரர் கம்பியை நெருக்கிக் கட்ட, தாய்மாரே பிள்ளைகளைப் பிடித்து, “தள்ளுடா, இன்னும் தள்ளு” என்று சத்தம் போட்டதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். கடைசியில் நாலு அங்குலத்தில் ஒரு பிள்ளையும் நுழையவில்லை.

திங்கட்கிழமை விடியலில் மங்களம் மகனைக் கொண்டுவந்து விட்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கொட்டகையைப் பூட்ட வைத்திருந்த பூட்டைத் துரை திருப்பி எடுத்துக்கொண்டார்.

ராக்காயி மட்டும் வரவில்லை. “அன்னைக்கு அந்தச் சட்டம் வராம இருந்திருந்தா எம்புள்ளதான் மொதல்ல ஆத்துல போயிருக்கும். இரும்புத் துண்ட நம்பி விடமாட்டேன்லா. பாலத்தக் கட்டி முடிக்கட்டும். எங்கண்ணால பாக்கணும்” என்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் பாப்பாவின் தூளியை நான் வேறு பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

சீக்கிரம் கட்டு.

உன் அக்கா,
இருதயமேரி


ஈப்போ,
19 நவம்பர் 1978

அன்புள்ள அக்கா,

அவசரமாக நாலு வரி. கம்பிதான், சுவர் இல்லை. பட்டறையில் செய்த புதிய துண்டை லியோங் தன் சொந்தப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து சோதித்தார். மூத்தவன் காது சிவக்கத் தள்ளியும் போகவில்லை. ஜூன் பிறப்பதற்குள்ளேயே அதிகாரிகளும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், உனக்கு எழுதத்தான் இத்தனை நாள் ஆகிவிட்டது.

மழையில் ஆறு பொங்கி, வேலை தள்ளிப் போகிறது. மரம் பத்திரமாக இருக்கிறது. வேலையாட்கள் மத்தியானச் சோற்றை அதற்கடியில்தான் சாப்பிடுகிறார்கள். பாப்பாவின் கால் புண் ஆறிவிட்டதா? ராக்காயி மருந்தையாவது வாங்கிக்கொண்டாளா? நான் இங்கே ஒவ்வொரு கம்பி நிற்கும்போதும் அந்தத் தூளியைத்தான் நினைக்கிறேன்.

ஹில்டா


ஈப்போ,
4 மார்ச் 1979

அன்புள்ள அக்கா,

இன்றைக்குத் திறந்துவிட்டார்கள். நீ வரவில்லை என்று இன்னும் மனத்தாங்கல்தான். எல்லாத் தாய்மாரும் லோரியில் ஏறி வர, கைப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீ மட்டும் கொட்டகையில் இருந்துவிட்டாயாமே. மங்களம் சொன்னாள்.

மேடையில் நிறையப் பேசினார்கள். லியோங்குக்கு மாலை போட்டார்கள். என் பெயரை யாரும் சொல்லவில்லை, அவர்தான் கூட்டத்தில் என்னைத் தேடி வந்து மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பாலம் அழகாக இருக்கிறது, அக்கா. நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். மரத்தைச் சுற்றி ஜனங்கள் இரண்டாகப் பிரிந்து போய், அந்தப் பக்கம் சந்தித்துச் சிரிக்கிறார்கள்.

ராக்காயியும் வந்திருந்தாள். ரிப்பன் வெட்டியதும் எல்லாரும் ஓடினார்கள், அவள் ஓடவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தாள். நடுவில் நின்று கைப்பிடிக்கு மேல் எட்டி, பாலத்துக்கு அடியில் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு கரையில் இறங்கி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாலம் தொடங்குகிற இடத்தில் குனிந்தும் பார்த்தாள். அதிகாரி ஒருவர் என்ன தேடுகிறாள் என்று என்னிடம் கேட்டார். எங்கள் தோட்டத்திலிருந்து பரிசோதனைக்கு வந்திருக்கிறார் என்று சொன்னேன்.

மறுபடி மேலே வந்து பாப்பாவை இறக்கிவிட்டாள். பாப்பா நேராகப் போய் இரண்டு கம்பிக்கு நடுவில் நெற்றியை வைத்து முட்டினாள். தள்ளினாள். தலை போகவில்லை. அப்படியே நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு கீழே பார்த்து, “ம்மா, தண்ணி!” என்று கத்தினாள். ராக்காயி அவளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதே சந்து வழியாகப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் தூக்க வேண்டியிருக்கவில்லை.

ராக்காயி என்னைத் தாண்டி நேராக நடந்தாள். லோரியில் ஏறும்போது மட்டும் திரும்பி, “இளைச்சுப் போயிட்டியே, ஒழுங்கா சாப்பிடுறதில்லையா?” என்று கேட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கினால் எழுது.

உன் ஹில்டா


சேசு மரி சூசை

மூங்கில்காட்டுத் தோட்டம்,
6 மார்ச் 1979

அன்புத் தங்கச்சி ஹில்டாவுக்கு,

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. அதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

நேற்று விடியலில் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து எல்லாரும் காட்டுக்குப் போய்விட்டார்கள். நான் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் வாளிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் ராக்காயி, தோளில் பாப்பா அரைத் தூக்கத்தில்.

“நல்லா பாத்துட்டேன்க்கா. கீழே, மேலே, பக்கத்துல, எல்லாம் பாத்தேன். ஒரு தலையும் இல்ல” என்றாள்.

“நான்தான் அப்பவே சொன்னேனே” என்றேன்.

“நீ சொன்ன. நான் பாத்தேன்.” அவ்வளவுதான் சமாதானம். பிள்ளையை என் தோளுக்கு மாற்றிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதி வழியில் நின்று, “எங்கிட்ட இருந்து இருந்து அவளுக்குப் புதுப் பழக்கம். இடது பக்கமா படுக்க வச்சு முதுகத் தட்டணும், இல்லன்னா தூங்கமாட்டா. உனக்கு மறந்திருக்கும்” என்றாள்.

புதுப் பழக்கமாம். நாற்பதாம் நாளிலிருந்து நான் பழக்கியது. எனக்கு எதுவும் மறக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், பாப்பா சிணுங்கினாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒழுங்காகச் சாப்பிடு. அவள் கேட்டதற்கு அதுதான் அர்த்தம். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன், பாப்பா என் இடது கையில் தூங்குகிறாள்.

அக்கா